வலது பக்கம் ஆமாம், இடது பக்கம் இல்லை

என் கணவரின் நோயை நான் முதலில் பார்த்தது அவர் உடம்பில் அல்ல, கம்ப்யூட்டர் திரையில். சோழவந்தானில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் கொட்டுகிறது, மாப்பிள்ளை தாலியைப் பெண்ணின் கழுத்தருகே கொண்டுபோகிறார், சரியாக அந்த இடத்தில் படம் நடுங்கியது. திருப்பி ஓட்டிப் பார்த்தேன். படம் எடுத்த என் கணவரைக் கூட்டத்தில் யாரும் இடிக்கவில்லை. மண்டபத்துத் தூண் மட்டும் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தது.

கல்யாண வீடியோ எடுக்கிறவர் எதைத் தவறவிட்டாலும் மன்னிப்பார்கள், தாலி கட்டுவதைத் தவறவிட்டால் மன்னிக்க மாட்டார்கள். இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது. என் கணவர் தங்கவேல் அந்த ஒரு நிமிஷத்துக்காக மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிற ஆள்.

"கேமரா கனம் கூடிப்போச்சா, இல்ல நான் எளச்சுட்டேனான்னு தெரியல சாந்தி" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

சிம்மக்கல்லில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் மாடியில் எங்கள் ஸ்டுடியோ இருந்தது. அவர் படம் எடுப்பார், நான் வெட்டி ஒட்டுவேன். நான் கணிதம் படித்துவிட்டு, கம்ப்யூட்டரில் படம் வரைய நிரல் எழுதக் கற்றுக்கொண்டவள். மணமக்கள் பெயர் பறந்து வந்து நிற்பது, தாமரை விரிந்து உள்ளே முகம் தெரிவது எல்லாம் என் நிரல்கள். தொண்ணூறுகளில் மதுரைப் பக்கம் கல்யாணம் செய்துகொண்டவர்களின் கேசட்டில் இதயத்துக்குள் முகம் சுழன்றால், அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு இருக்கலாம்.

நடுக்கத்தை எடுக்கவும் ஒரு நிரல் எழுதினேன். தூணில் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு, அது எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு படத்தை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். தாலி கட்டும் காட்சி கல்லில் வைத்து எடுத்த மாதிரி நின்றது. தை மாதத்துக் கல்யாணங்களில் கொஞ்சம்தான் தள்ள வேண்டியிருந்தது. வைகாசியில் படத்தின் ஓரமெல்லாம் வெட்டிப்போகும் அளவுக்குத் தள்ள வேண்டி வந்தது. பிறகு ஒரு காலை அவருக்குச் சட்டைப் பித்தான் மாட்ட வரவில்லை. அன்றைக்கே டாக்டரிடம் போனோம்.

முதலில் பார்த்தவர் கழுத்தெலும்பு தேய்மானம் என்று சொல்லிக் கழுத்துப் பட்டை மாட்டிவிட்டார். அதோடுதான் இரண்டு மூன்று கல்யாணங்களுக்குப் போனார். "பொண்ணு மாப்ளய விட்டுட்டு எல்லாரும் என்னையத்தான் பாக்குறாங்க" என்று வந்து சொல்வார். வலது கை கட்டைவிரலின் அடிச்சதை பள்ளமாக இறங்கிக்கொண்டே போனது. அவர் சும்மா இருக்கும்போதும் தோள் சதை தானாகத் துள்ளியது. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பியல் டாக்டரிடம் போனோம்.

அவர் நிதானமான பெண்மணி. நாக்கை நீட்டச் சொல்லி வெகுநேரம் உற்றுப் பார்த்தார். நாக்கும் துடித்தது. தசைகளில் ஊசி செருகி மின்சாரம் பார்க்கும் சோதனை முடிந்ததும் இருவரையும் உட்காரச் சொன்னார்.

"இதுக்குப் பேர் மோட்டார் நியூரான் நோய்" என்றார். (தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய். கட்டளை வராத தசை மெலிந்து அடங்கிவிடும். அறிவும் நினைவும் பெரும்பாலானவர்களுக்குக் கெடுவதில்லை.) "நோயை நிறுத்துற மருந்து இல்லைம்மா. கஷ்டத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான்."

நான் நடுக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்த மாதங்களைப் பற்றிக் கேட்டேன். "நீங்க முதல் நாளே வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்" என்றார். ஆறுதலுக்காகச் சொன்னாரா, உண்மையா என்று அப்போது தெரியவில்லை. பிற்பாடு படித்துப் பார்த்தேன். உண்மைதான்.

தங்கவேல் எனக்கு முன்னால் படியிறங்கிப் போனார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, "அறிவு கெடாதுன்னு சொன்னாங்கள்ல?" என்றார்.

"ஆமாங்க."

"அப்ப கடேசி வரைக்கும் எல்லாத்தையும் பாத்துக்கிட்டே கெடக்கணும்."

நான் அழுதேன். அவர் என் தோளில் கை போடப் பார்த்தார். கை பாதி தூரம்தான் வந்தது.

அடுத்து வந்ததை நீட்டிச் சொல்லப் போவதில்லை. இதே நோயை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு அந்த வரிசை தெரியும். கை, கால், விழுங்குவது, பேச்சு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய தம்பி கருணா சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவன். கொடிக்காலை ஆளிடம் விட்டுவிட்டு எங்களோடு வந்து தங்கினான். அண்ணனைத் தூக்கிக் குளிப்பாட்டியது அவன். அந்தக் கைகளை நான் மறக்க மாட்டேன்.

டாக்டர் ஒன்றை முன்கூட்டியே பேசி வைக்கச் சொல்லியிருந்தார். மூச்சுத் தசைகள் தளரும் நாள் வரும். அப்போது கழுத்தில் குழாய் போடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். (கழுத்தின் முன்பக்கம் மூச்சுக்குழாயில் துளையிட்டு, அதன் வழியாக இயந்திரம் மூச்சு கொடுக்கும். ஆள் பிழைத்திருக்கலாம். மற்றபடி நோய் தன் வழியில் போகும்.) அவருக்குப் பேச்சு குழறத் தொடங்கிய நாட்களில் கேட்டேன்.

"அத அப்புறம் பேசுவோம். சாயங்காலம் ரிசப்சன் இருக்கு" என்றார். கேமராவை விற்று வெகுநாள் ஆகியிருந்தது. ஒவ்வொரு தடவை கேட்டபோதும் அதே ரிசப்ஷனைச் சொல்லித் தப்பித்தார். நானும் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன். உங்கள் வீட்டில் அப்படி ஒரு ரிசப்ஷன் வந்தால் விடாதீர்கள். பேச்சு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பேச்சு போன பிறகு இமைகள்தான் மிச்சம். ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை.

ஒருநாள் அவர் நினைவு தப்பிச் சில நொடிகள் வெட்டி இழுத்தார். வலிப்பா என்று பார்க்க டாக்டர் இஇஜி எடுக்கச் சொன்னார். (தலையில் சிறு உலோகத் தட்டுகளை ஒட்டி, மூளையின் மெல்லிய மின்சாரத்தைக் கோடுகளாகப் பதிவது.) டெக்னீஷியன் அவர் முகத்துக்கு முன்னால் ஒரு விளக்கைக் கொண்டுவந்து, விட்டு விட்டு மின்ன வைத்தார். எல்லாருக்கும் செய்கிற சோதனைதானாம். விளக்கு மின்னத் தொடங்கியதும், பின்மண்டைக் கோடுகள் அதே தாளத்தில் எழுந்து விழுந்தன. விளக்கின் வேகத்தை மாற்றினார், கோடுகளும் மாறின.

தொழிலில் அதை ஃபிளிக்கர் என்போம். டிவியில் மெல்லிய கோடோ சின்ன எழுத்தோ போட்டால் அது படபடவென்று மின்னும், கண் வலிக்கும். அதை அடக்குவதுதான் அதுவரை என் பிழைப்பு. எழுத்தின் ஓரங்களை மழுக்கி, வெளிச்சத்தைப் பக்கத்துக் கோடுகளுக்குப் பங்கு பிரித்து, மின்னாமல் நிறுத்துவேன். இங்கே அந்த மின்னுதலுக்கு ஒரு மூளை பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இமை தவிர உடம்பில் எதுவும் அசையாத ஒருவரின் மூளை.

இமைகளும் தளர்ந்துவிடும் நாள் வரலாம். திரையில் இரண்டு கட்டங்களை வெவ்வேறு வேகத்தில் மின்ன வைத்தால், அவர் எதைக் கவனிக்கிறாரோ அந்த வேகம் பின்மண்டையில் தெரியுமா? டாக்டரிடம் கேட்டேன். வெளிநாட்டில் சிலர் இந்த வழியில் முயல்வதாகப் படித்திருக்கிறேன் என்றார். அதற்கு மூளை-கணினி இடைமுகம் என்று பெயர் இருப்பதை (கை கால் அசையாமல், மூளையின் அலைகளைப் படித்தே கணினிக்குக் கட்டளை கொடுக்கும் முறை) அப்போதுதான் கேள்விப்பட்டேன். ஆஸ்பத்திரி வேலை முடிந்த சனிக்கிழமை மதியங்களில் இஇஜி அறையைத் தருவதாகச் சொன்னார்.

மானிட்டரையும் கம்ப்யூட்டரையும் கருணா ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தான். இஇஜி இயந்திரத்திலிருந்து பிளாப்பியில் எண்களை எடுத்து, என் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க வேண்டும். மூளையின் மற்ற அலைகளுக்குள் அந்தத் தாளம் வைக்கோற்போரில் ஊசி மாதிரி ஒளிந்திருந்தது. மங்கலான வீடியோவில் ஒரே காட்சியின் பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் புள்ளிகள் கரைந்து முகம் தெளியும். அதே கணக்கைத்தான் போட்டேன். அடுக்கி முடித்ததும் திரையில் இரண்டு பட்டைகள் வரும். எந்தக் கட்டத்தைக் கவனித்தாரோ அதற்குரிய பட்டை உயர வேண்டும்.

உயரவில்லை. மூன்று சனிக்கிழமைகள் போயின, இரண்டும் குட்டையாகவே கிடந்தன. டாக்டர் ஒருநாள் என் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். இளநீல நிறத்தில், ஓரம் மழுங்கிய இரண்டு கட்டங்கள், மெல்ல ஒளிர்ந்து மெல்ல அடங்கிக்கொண்டிருந்தன. பழக்க தோஷம், அழகாகச் செய்து வைத்திருந்தேன்.

"ரொம்ப இதமா இருக்கும்மா. எனக்கே தூக்கம் வருது. இவ்வளவு இதமா இருந்தா மூளை எதுக்கு எந்திரிச்சு பதில் சொல்லணும்?"

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அழித்தேன். கறுப்பு, வெள்ளை. கூர்மையான ஓரம். பெரிய கட்டங்கள். சட்டென்று வெள்ளை, சட்டென்று கறுப்பு. என் வாழ்நாளில் அவ்வளவு அசிங்கமான எதையும் திரையில் போட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை வலது பக்கம் 'ஆமாம்', இடது பக்கம் 'இல்லை' என்று வைத்துக்கொண்டோம். பதில் தெரிந்த கேள்விகளைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்றார் டாக்டர். உங்கள் பெயர் தங்கவேலா? வலது பட்டை உயர்ந்தது. இது சென்னையா? இடது. நீங்கள் வீடியோ எடுத்தவரா? வலது. கருணாவுக்கு நிலைகொள்ளவில்லை.

"நான் ஒண்ணு கேக்குறேன் மதினி. அண்ணே, மதினி சமையல் நல்லாருக்குமா?"

கட்டங்கள் மின்னின. எண்களைக் கொண்டுவந்து போட்டேன். இடது பட்டை உயர்ந்தது, அன்றைக்கு வந்த பட்டைகளிலேயே அதுதான் உயரம்.

"இது பிழையா இருக்குமோ?" என்றார் டாக்டர்.

"பிழை இல்ல டாக்டர். கேலி" என்றேன். பத்து வருஷமாக என் குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு அவர் சொல்கிற அதே பதில். கருணா சுவரில் சாய்ந்து சிரித்தான், டெக்னீஷியனும் சிரித்துவிட்டார். நான் சிரித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. தசையே இல்லாத முகத்தில் என்ன இருக்கும்? உள்ளே அவர் சிரித்துக்கொண்டிருந்தார், எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நாங்கள் நினைத்ததைவிட வேகமாக மூச்சு தளர்ந்தது. மூக்கில் காற்று முகமூடி மாட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இனி முகமூடி தாங்காது, குழாய் பற்றிச் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர்.

கருணா கட்டிலருகே குனிந்தான். "அண்ணே, குழா போட்டுருவோம்ணே. நான் பாத்துக்கிறேன். எம்புட்டு வருஷமானாலும் பாத்துக்கிறேன். சரியா?"

இமை மூடித் திறந்தது. "சரிங்குறாரு மதினி!"

"ரெண்டு தடவ மூடுனாரு. வேணாங்குறாரு" என்றேன்.

"ஒரு தடவதான்."

இமைகளும் தளர்ந்துபோயிருந்தன. தானாக மூடுவது எது, அவர் மூடுவது எது என்று யாராலும் சொல்ல முடியாது. அவன் விரும்பியதை அவன் பார்த்தான், நான் நினைத்ததை நான் பார்த்தேன். குரல் உயர்ந்தது. "அண்ணனக் கொல்லப் பாக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டான். கேட்டதும் அவனே தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

டாக்டரிடம் போய்க் கட்டங்களில் கேட்கலாமா என்றேன். யோசித்தார். "இதை நான் அவரோட சம்மதம்னு சட்டப்படி எழுதிக்க முடியாது. ஆனா நீங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வர உதவும்னா கேளுங்க."

முகமூடியோடு கட்டிலை இஇஜி அறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கேள்வியை நான்தான் கேட்டேன். "ஏங்க, கழுத்துல குழா போட்டு மெசின்ல மூச்சு குடுக்கவா? வலது பக்கம் ஆமாம். இடது பக்கம் இல்ல."

கட்டங்கள் மின்னி ஓய்ந்தன. எண்களைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். இடது பட்டை உயர்ந்தது.

வேண்டாம் என்று அவர் சொன்னதாகச் சண்டை போட்டவள் நான். ஆனால் வலது பக்கம்தான் உயர வேண்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தது அந்த நொடியில்தான் எனக்கே தெரிந்தது. நிரலில் எங்கேயாவது தப்பு இருக்காதா என்று தேடினேன். கருணா எனக்கு முந்திக்கொண்டான்.

"கட்டில் இடது பக்கம் பாக்கக் கெடக்கு மதினி. அதான் கண்ணு அங்க போவுது. மாத்திப் போடுங்க. இடது பக்கம் ஆமாம்னு வைங்க."

மாற்றினேன். அவரிடம் இரண்டு தடவை விளக்கிச் சொன்னேன். கட்டங்கள் மறுபடி மின்னின. அந்தக் காத்திருப்பில் நானும் கருணாவும் ஒரே பட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். இடது பட்டை உயரட்டும் என்று இருவரும் வேண்டினோம்.

வலது பட்டை உயர்ந்தது. இல்லை.

கருணா அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு, "சரிண்ணே, சரிண்ணே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். நான் கம்ப்யூட்டரை அணைத்தேன். ஒட்டியிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பசையை ஈரத்துணியால் துடைத்து, அவர் தலையை வாரிவிட்டேன். வகிடு எப்போதும் போல வலது பக்கம் எடுத்தேன்.

மூச்சுத்திணறலின் வேதனை தெரியாமலிருக்க மருந்து கொடுத்தார்கள். சில நாட்களில், ஒரு காலைப்பொழுதில், நான் கையைப் பிடித்திருக்கும்போது போனார். கஷ்டப்படவில்லை.

பிறகு ஸ்டுடியோவை மூடிவிட்டேன். ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் இந்த ஆராய்ச்சியைத் தொடங்க நினைத்த பேராசிரியரிடம் டாக்டர் என்னை அனுப்பினார். அங்கிருந்தவர்களுக்கு மூளையலை தெரியும், ஆனால் திரையை ஒரு நொடித்துளிகூடப் பிசகாமல் மின்ன வைக்கத் தெரியவில்லை. எனக்கு அது ஒன்றுதான் தெரியும். சேர்ந்துகொண்டேன், பின்னால் படிக்கவும் செய்தேன். என் துக்கத்தைச் சாதனையாக்கிப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு ஆராய்ச்சி வேண்டியிருக்கவில்லை, அவர்தான் வேண்டியிருந்தார். அவர் இல்லாததால் ஆராய்ச்சிக்குப் போனேன்.

சோழவந்தான் கல்யாணத்தின் மூல கேசட் என்னிடம் இருக்கிறது, நான் திருத்தாதது. எப்போதாவது போட்டுப் பார்ப்பேன். மணமக்களைப் பார்ப்பதில்லை. தூண் ஆடுவதைப் பார்ப்பேன், அது அவர் கை.

நோயாளியைக் கூட்டிக்கொண்டு ஆய்வகத்துக்கு வரும் குடும்பங்கள் என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்கும். பெயரையும் ஊரையும் கேட்டு முடித்ததும், "வீட்டுச் சாப்பாடு எப்படின்னு கேளுங்க" என்பேன். பெரிய கேள்வி வருவதற்குள் ஒரு தடவையாவது சிரித்துவிட வேண்டும்.

என் உடம்பும் மாறித்தான் போனது. ட்யூப் லைட் கெட்டு மின்னினால் கண்ணுக்கு முன்பே பின்மண்டைக்குத் தெரிகிறது. கல்லூரியிலிருந்து திரும்பும் டவுன் பஸ், சாயங்கால வெயிலில் வைகைப் பாலத்தைத் தாண்டும். பாலத்தின் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே வெயில் வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று முகத்தில் அடிக்கும். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் எப்போதும் வெயில் இடது பக்கம் விழும் சீட்டில்தான் உட்காருவேன்.

கண்ணை மூடினாலும் அது நிற்காது. இமைக்குள்ளே சிவப்பாக மின்னும். இடது பக்கம் இல்லை, இல்லை, இல்லை. "கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்ங்க, கருணா பாத்திருப்பான், நானும் பாத்திருப்பேன்" என்று பாலம் முடிகிற வரைக்கும் அவரோடு சண்டை போடுவேன். பாலம் சீக்கிரம் முடிந்துவிடும். சிம்மக்கல் வந்துவிட்டது என்று கண்டக்டர் குரல் கொடுப்பார், நான் இறங்குவேன்.